வசையில் பிறந்த பெயர்கள்

ஒரு சிறுகதையின் முதல் இரண்டு பக்கங்களைப் படித்தவுடனேயே அது எந்த மரபில் வருகிறது, எத்தகைய எழுத்துமுறையைச் சார்ந்தது என்று ஓரளவு ஊகித்துவிடும் தேர்ந்த வாசகர்கள்கூட, ஓவியம் என்று வரும்போது தயங்கி நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். சிற்றிதழ்களின் அட்டைகளில் நவீன ஓவியங்களைக் கண்டு பழகியவர்கள்தாம் அவர்கள். இம்ப்ரெஷனிசம், ஃபாவிசம், கியூபிசம் ஆகிய பெயர்களும் அவர்களுக்குப் புதியன அல்ல. ஆனால் பெயர் ஒருபுறமும் படம் மறுபுறமுமாக நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் பாலம் கிடைப்பதில்லை.

நம் மொழிபெயர்ப்புகளும் இதற்கு ஒரு காரணம். இம்ப்ரெஷனிசம் தமிழில் மனப்பதிவுவாதம் ஆயிற்று. கியூபிசம் கனசதுரவாதம் ஆயிற்று. சொல்லின் பின்னால் 'வாதம்' ஒட்டிக்கொண்டதும் அதற்கு ஒரு தத்துவப் பள்ளியின் கனம் வந்துவிடுகிறது. மேதைகள் சிலர் கூடியிருந்து கொள்கை வகுத்து, பெயர் சூட்டி, பின்பு அக்கொள்கைப்படி வரையத் தொடங்கினார்கள் என்றொரு சித்திரம் மனத்தில் எழுகிறது. நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. இப்பெயர்களில் பல, அந்த ஓவியங்களைப் பிடிக்காதவர்கள் இட்ட வசைப்பெயர்கள். வசைக்குள்ளும் கூர்ந்த பார்வை இருக்கக்கூடும் என்பதைக் காளமேகத்தைப் படித்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஏசியவர் எதைப் பார்த்து ஏசினார் என்று தேடிப்போனால், அந்தப் பாணியை அடையாளம் காணும் வழி அங்கேயே கிடைத்துவிடுகிறது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

முடிக்கப்படாத துறைமுகம்

1874ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று, பாரீசின் காப்புசின் பெருஞ்சாலையில் 35ஆம் எண் கட்டடத்தில், புகைப்படக் கலைஞர் நாதார் முன்பு பயன்படுத்திய ஸ்டூடியோவில் ஓர் ஓவியக் கண்காட்சி திறக்கப்பட்டது. மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ, தெகா, சிஸ்லி, செசான், பெர்த் மொரிஸோ உள்ளிட்ட சுமார் முப்பது பேரின் படைப்புகள் அங்கே இருந்தன. அரசு ஆதரவுடன் நடந்துவந்த 'சலோன்' கண்காட்சியின் தேர்வுக்குழு தங்களை ஏற்குமா என்று காத்துக்கிடக்க விரும்பாமல், இவர்கள் தாமே ஒரு சங்கம் அமைத்து நடத்திய கண்காட்சி அது. சங்கத்தின் பெயரில் அழகியல் கொள்கை எதுவும் இல்லை. ஓவியர்கள், சிற்பிகள், செதுக்கோவியர்கள் முதலியோரின் சங்கம் என்ற வறண்ட பெயரே அதற்கு இருந்தது.

மோனே வைத்திருந்த படங்களுள் ஒன்று லு ஆவ்ர் துறைமுகத்தின் விடியற்காலைக் காட்சி. படத்தில் இடப்பட்டிருக்கும் ஆண்டு 1872. கண்காட்சி அட்டவணைக்குத் தலைப்பு கேட்டபோது, அதை லு ஆவ்ரின் காட்சி என்று சொல்லிவிட முடியாது என்பதால் 'இம்ப்ரெஷன்' என்று போட்டுக்கொள்ளச் சொன்னதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அட்டவணையில் அது 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' ஆயிற்று.

பத்து நாட்கள் கழித்து, 'லு ஷாரிவாரி' என்னும் நையாண்டிப் பத்திரிகையில் லூயி லெரோய் ஒரு கட்டுரை எழுதினார். பழைய மரபில் ஊறிய ஓவியர் ஒருவரைக் கற்பனையாகப் படைத்து, அவருடன் தாம் கண்காட்சியைச் சுற்றிப் பார்ப்பதுபோல் உரையாடலாக அதை அமைத்திருந்தார். ஒவ்வொரு படமாகப் பார்க்கப் பார்க்க அந்தப் பெரியவருக்குப் புத்தி பேதலித்துக்கொண்டே போகிறது. சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதத்தின் ஆரம்ப வரைவுகூட இந்தக் கடற்காட்சியைவிட முழுமையாக இருக்கும் என்பது மோனேயின் படத்துக்கு அவர் வழங்கும் தீர்ப்பு. கட்டுரையின் தலைப்பு 'இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி'. பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

லெரோய் எதைப் பார்த்தார்? படம் முடிக்கப்படவில்லை என்பதைப் பார்த்தார். அக்காலப் பயிற்சியில் விரைந்து தீட்டும் முன்வரைவு வேறு, முடித்த ஓவியம் வேறு. முடித்த ஓவியத்தில் தூரிகையின் தடம் தெரியக்கூடாது. கோடுகள் தெளிவாக இருக்கவேண்டும். மேற்பரப்பு வழவழப்பாக இருக்கவேண்டும். மோனேயின் துறைமுகத்திலோ படகுகள் சில கரிய தீற்றல்கள். கப்பல்களின் பாய்மரங்கள் மூடுபனியில் கரைகின்றன. நீரில் விழும் சூரியனின் பிரதிபலிப்பு, தனித்தனியாகத் தெரியும் ஆரஞ்சுக் கோடுகள். லெரோய் சொன்னதில் பிழையில்லை. அதைக் குறை என்று எண்ணியது மட்டுமே பிழை.

எனவே அவருடைய வசையை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்வோம். தூரிகைத் தடங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்துத் தெரிகின்றனவா? பொருளின் விளிம்பு காற்றில் கரைகிறதா? நிழல்கள் பழுப்பாகவோ கறுப்பாகவோ இல்லாமல் நீலமாகவும் ஊதாவாகவும் இருக்கின்றனவா? ஒரு குறிப்பிட்ட வேளையின் வெளிச்சமே படத்தின் உண்மையான கதாநாயகனாக நிற்கிறதா? ஆம் எனில் நாம் இம்ப்ரெஷனிசத்தின் எல்லைக்குள் வந்துவிட்டோம்.

இந்தப் படத்தில் ஒரு விந்தையும் உண்டு. இதன் சூரியன் கண்ணைப் பறிப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் படத்திலிருந்து வண்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினால் சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதைச் சூழ்ந்த சாம்பல் வானத்துக்கும் அதற்கும் ஒரே அளவு ஒளிர்வுதான். ஹார்வர்டின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதைச் சுட்டிக்காட்டி, சூரியன் துடிப்பதுபோல் நமக்குத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று விளக்கியிருக்கிறார். வாசகர்கள் தங்கள் கணினியிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

திறந்தவெளியில் அமர்ந்து, வெளிச்சம் மாறுவதற்குள் தீட்டும் பழக்கம் பரவியதற்குத் தொழில்நுட்பமும் துணை நின்றது. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைத்துவைக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஓவியர் தம் வண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது எளிதாயிற்று.

லெரோயின் கட்டுரை வந்த நான்காம் நாள், காஸ்தான்யாரி என்ற விமர்சகர் அதே சொல்லை ஏளனமின்றிப் பயன்படுத்தினார். இவர்கள் நிலக்காட்சியைத் தீட்டவில்லை, அது எழுப்பும் உணர்வைத் தீட்டுகிறார்கள் என்பது அவர் தந்த விளக்கம். 1877இல் நடந்த மூன்றாம் கண்காட்சியில் ஓவியர்களே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். தெகாவுக்கு மட்டும் அது கடைசிவரை பிடிக்கவில்லை. 1886வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளிலும் கலந்துகொண்டவர் பிஸ்ஸாரோ ஒருவரே. வசை எளிதில் மதிப்பாக மாறிவிடவும் இல்லை. 1874இல் 800 ஃபிராங்குக்கு வாங்கப்பட்ட அந்தச் சூரியோதயம், 1878இல் ஏலத்துக்கு வந்தபோது 210 ஃபிராங்குக்குத்தான் போயிற்று.

காட்டு விலங்குகளின் நடுவே

முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, மீண்டும் பாரீஸ். 1905ஆம் ஆண்டின் இலையுதிர்கால சலோன். ஏழாம் அறையில் மாத்திஸ், டெராங், விளாமிங்க் முதலியோரின் படங்கள் தொங்கின. அவற்றின் நடுவே ஆல்பெர் மார்க் என்ற சிற்பியின் படைப்பு ஒன்று, பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பத்தை நினைவூட்டும் சாந்தத்தோடு நின்றது. 'ஜில் பிளா' பத்திரிகையின் விமர்சகர் லூயி வோசெல், காட்டு விலங்குகளின் நடுவே டொனடெல்லோ அகப்பட்டுக்கொண்டதாகக் கேலி செய்தார். காட்டு விலங்குகள் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் 'ஃபோவ்'. ஃபாவிசம் பிறந்தது.

தூய வண்ணங்களின் களியாட்டத்துக்கு நடுவே அந்தச் சிற்பம் நிற்கிறது என்பது வோசெலின் கருத்து. இவ்வசையிலும் துல்லியமான அவதானிப்பு இருக்கிறது. குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணம் கலப்படமின்றிக் கித்தானில் நிற்பதை அவர் கண்டுகொண்டார்.

இம்ப்ரெஷனிசத்தையும் ஃபாவிசத்தையும் பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். இரண்டிலும் நிறம் பளிச்சிடுகிறது. இரண்டிலும் தூரிகைத் தடம் தெரிகிறது. வேறுபாடு நிறத்தின் வேலையில் இருக்கிறது. மோனேயின் நிழலில் ஊதா இருப்பதற்குக் காரணம், அந்த வேளையில் அவர் கண் அங்கே ஊதாவைக் கண்டது. மாத்திஸின் முகத்தில் பச்சை இருப்பதற்குக் காரணம், படத்துக்கு அந்த இடத்தில் பச்சை தேவைப்பட்டது.

1905இல் மாத்திஸ் தம் மனைவியை வரைந்த 'பச்சைக் கோடு' இதற்குத் தக்க சான்று. இன்று அது கோபன்ஹேகனில் இருக்கிறது. நெற்றியிலிருந்து மூக்கின் வழியாக இறங்கும் தடித்த பச்சைப் பட்டை முகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பாதி மஞ்சள் சாயல். மறு பாதி இளஞ்சிவப்புச் சாயல். முதல் பார்வையில் வேடிக்கையாகத் தோன்றும். சற்று நின்று பார்த்தால், மரபான ஓவியர் ஒருவர் வெளிச்சப் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் பிரிக்கக் கருமையைப் பயன்படுத்தும் இடத்தில் மாத்திஸ் பச்சையைப் பயன்படுத்தியிருப்பது புலனாகும். முகம் தட்டையாகிவிடவில்லை, மூக்கு எடுப்பாகவே நிற்கிறது. நிழலின் வேலையை நிறம் செய்கிறது.

ஓர் ஊர், இரண்டு கண்கள்

அடுத்த பெயரைச் சூட்டியவரும் அதே வோசெல்தான். 1908 கோடையில் ஜார்ஜ் பிராக், மார்செய் நகரை ஒட்டிய லெஸ்தாக் என்ற கடலோர ஊரில் சில நிலக்காட்சிகளைத் தீட்டினார். இலையுதிர்கால சலோனின் தேர்வுக்குழு அவற்றை ஏற்கவில்லை. குழுவில் இருந்த மாத்திஸ், அவை சிறு கனசதுரங்களால் ஆனவை என்று வோசெலிடம் சொன்னதாகக் கூறுவார்கள். நேற்று விலங்கு என்று ஏசப்பட்டவர் இன்று இன்னொருவருக்கு வசைச்சொல் எடுத்துக்கொடுத்தார் என்பது வரலாற்றின் குறும்பு. அந்த நவம்பரில் கான்வைலரின் சிறிய காட்சிக்கூடத்தில் படங்கள் வைக்கப்பட்டபோது, பிராக் இடங்களையும் உருவங்களையும் வீடுகளையும் கனசதுரங்களாகக் குறுக்கிவிடுகிறார் என்று வோசெல் எழுதினார்.

பாணியை அடையாளம் காணப் பழக விரும்புவோருக்கு நாம் ஒரு பயிற்சியைப் பரிந்துரைப்போம். பிராக் அதே லெஸ்தாக்கை 1906இலும் தீட்டியிருக்கிறார். அப்போது அவர் ஃபாவிசத்தின் பிடியில் இருந்தார். 1906ஆம் ஆண்டுப் படம் ஒன்றையும், 1908இன் 'லெஸ்தாக்கின் வீடுகள்' படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஊர் ஒன்று, ஓவியர் ஒருவர், இடைவெளி இரண்டே ஆண்டுகள். முதலாவதில் மஞ்சளும் சிவப்பும் ஊதாவும் கொண்டாடுகின்றன. இரண்டாவதில் காவியும் பச்சையும் சாம்பலும் மட்டுமே. வீடுகளுக்குக் கதவில்லை, சன்னலில்லை. வானமோ தொடுவானமோ கிடையாது. தொலைவுக்குச் செல்லவேண்டிய வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நம்மை நோக்கிச் சாய்கின்றன. வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் பிராக் 1907இல் நடந்த செசான் நினைவுக் கண்காட்சியைப் பார்த்திருந்தார். பிக்காஸோவின் ஓவியக்கூடத்தில் 'அவிஞோன் பெண்கள்' படத்தையும் பார்த்திருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கனசதுரம் என்ற சொல் 1908ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. 1911 வாக்கில் பிராக்கும் பிக்காஸோவும் தீட்டிய படங்களில் கனசதுரத்தைத் தேடினால் கிடைக்காது. பொருளும் பின்னணியும் ஒருசேர உடைந்து, ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும் தட்டையான சில்லுகளாகிவிட்டன. வசை முதல் அதிர்ச்சியைத்தான் பதிவு செய்கிறது. பிந்தைய வளர்ச்சியை அது அறியாது.

பழைய வசைகள், புதிய விளக்கம்

இது பாரீஸ் பத்திரிகைகள் தொடங்கிவைத்த வழக்கம் அன்று. இடைக்காலக் கட்டடக்கலையை, ரோமை வீழ்த்திய கோத் இனத்தாரோடு இணைத்து இழித்தவர் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான வஸாரி. இன்று கோதிக் என்பது பெருமைக்குரிய சொல். பரோக் என்பது, ஒழுங்கற்ற வடிவுடைய முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் கருதுவர். பதினெட்டாம் நூற்றாண்டில் கோணலானது, அளவு மீறியது என்னும் இழிபொருளில் அது வழங்கிற்று.

பரோக் ஓவியத்தின் முன்னோடியான கரவாஜ்ஜியோவைப் பற்றி 1672இல் பெல்லோரி எழுதியதைப் பார்ப்போம். தம் உருவங்களை அவர் வெயிலுக்குக் கொண்டுவருவதே இல்லை; மூடிய அறையின் இருளில் நிறுத்தி, உயரத்திலிருந்து விளக்கொளியைப் பாய்ச்சுகிறார் என்பது குற்றச்சாட்டின் சாரம். ரோமில் உள்ள 'மத்தேயுவின் அழைப்பு' படத்தை இதைவிடச் சுருக்கமாக அடையாளம் காட்ட முடியுமா என்பது ஐயமே.

இந்த வசையை ஆய்வுக்கருவியாக மாற்றியவர் சுவிட்சர்லாந்து அறிஞர் ஹைன்ரிஹ் வொல்ஃப்லின். 1915இல் வெளிவந்த கலை வரலாற்றுக் கோட்பாட்டு நூலில், மறுமலர்ச்சிக் கலையையும் பரோக் கலையையும் ஐந்து இணைகளாக வைத்து அவர் ஒப்பிட்டார். கோட்டால் பிரிக்கப்பட்ட உருவம், நிழலில் கரையும் உருவம்; சுவருக்கு இணையான அடுக்கு, ஆழத்துக்குள் இழுக்கும் அமைப்பு என்று அவை விரிகின்றன. பரோக், மறுமலர்ச்சியின் ஏற்றமும் அன்று, வீழ்ச்சியும் அன்று; வேறொரு பார்வை என்றார் அவர். ஏளனம் விவரணையாக மாறும் தருணம் அது.

தாமே சூட்டிக்கொண்ட பெயர்கள்

எல்லா இயக்கங்களும் ஏச்சில் பிறந்தவை அல்ல. 1909இல் மரினெட்டி பிரகடனம் வெளியிட்டு எதிர்காலவாதத்தை அறிவித்தார். 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிசத்தின் பிரகடனத்தை எழுதினார். இரண்டுமே இலக்கியவாதிகள் சூட்டிய பெயர்கள் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும்.

ஆனால் இத்தகைய பெயர்களைக்கொண்டு படத்தை அடையாளம் காண்பது கடினம். பகைவர் சூட்டும் பெயர் படம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. தாமே சூட்டிக்கொள்ளும் பெயர் ஓவியர் எதை விரும்புகிறார் என்று சொல்கிறது. டாலியின் 'நினைவின் நிலைபேறு' (1931) ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றே பெரிய படம். அதில் தூரிகைத் தடமே தெரியாது. மேற்பரப்பின் நேர்த்தியில் லெரோயின் கற்பனைப் பெரியவர்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டார். அதே இயக்கத்தைச் சேர்ந்த மிரோவின் படங்களிலோ மிதக்கும் குறிகளும் வண்ணத் திட்டுகளும்தாம். இருவரையும் தூரிகை இணைக்கவில்லை. கனவின் தர்க்கத்தில் நம்பிக்கை வைத்தது மட்டுமே இணைத்தது.

படத்தை விட்டு ஆளைப் பார்த்தவர்கள்

இதுவரை வசையின் நற்பயனைச் சொன்னோம். அதன் மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

1892இல் மாக்ஸ் நோர்டாவ் என்ற மருத்துவர் 'சீரழிவு' என்னும் பொருள்தரும் ஜெர்மன் தலைப்பில் ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். இம்ப்ரெஷனிஸ்டுகளின் பாணிக்கு அவர் தந்த விளக்கம், அவர்களுக்கு விழி நடுக்க நோய் இருக்கிறது என்பது. லெரோய்க்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். லெரோய் படத்தைப் பார்த்துச் சிரித்தார். நோர்டாவ் படத்தைத் தாண்டிப்போய் ஓவியரின் உடலைச் சோதித்தார். நோர்டாவ் யூதர்; பின்னாளில் சியோனிச இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரானவர். அவர் பரப்பிய அச்சொல் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வரலாற்றின் கொடிய முரண்.

1937ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று மியூனிக் நகரில் நாஜி அரசு 'சீரழிந்த கலை' என்ற கண்காட்சியைத் திறந்தது. அரசு போற்றும் கலைக்கான பெரும் கண்காட்சி முந்தின நாள்தான் அதே நகரில் தொடங்கியிருந்தது. பொது அருங்காட்சியகங்களிலிருந்து பறிக்கப்பட்ட சுமார் 650 படைப்புகள் நெருக்கியடித்து மாட்டப்பட்டன. சுவர்களில் ஏளன வாசகங்கள் எழுதப்பட்டன. நவம்பர் இறுதிக்குள் மியூனிக்கில் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். எமில் நோல்டே நாஜிக் கட்சியின் உறுப்பினர். ஆயினும் அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. கிர்ஷ்னரின் படைப்புகள் அறுநூறுக்கும் மேல் போயின. 1938 ஜூனில் சுவிட்சர்லாந்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அந்தச் சுவர்களில் எக்ஸ்பிரஷனிசம் இருந்தது, டாடா இருந்தது, அரூப ஓவியம் இருந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற, சில வேளை ஒன்றையொன்று வெறுத்த பாணிகள் அவை. அத்தனைக்கும் ஒரே பெயர். 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற வசை ஒரு படத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டிற்று. 'சீரழிந்த' என்ற வசை எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து, பார்க்கவேண்டிய தேவையையே அழித்தது.

ஒரு பெயரின் தகுதியை அளக்க இதுவே உரைகல் என்று நமக்குத் தோன்றுகிறது. அது வேறுபாட்டைக் காட்டுகிறதா, மறைக்கிறதா? நம் ஊரில் புரியாத எதையும் 'மாடர்ன் ஆர்ட்' என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகரும் வழக்கம் தீங்கற்றதுதான். அதை மியூனிக்கோடு ஒப்பிடுவது மிகை. ஆயினும் அந்தச் சிரிப்பிலும் மோனேக்கும் பிராக்குக்கும் வேறுபாடு கிடையாது. லெரோய் அளவுக்காவது, ஒரு படத்தின் முன் நின்று, இதில் என்னை உறுத்துவது குறிப்பாக எது என்று கேட்டுக்கொள்ளும் பொறுமை நமக்கு வேண்டும். தூரிகைத் தடமா, நிறமா, வடிவமா, வெளிச்சமா என்று விடை கிடைத்துவிட்டால், இயக்கத்தின் பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் பெரிய நட்டமில்லை. பாணியை நாம் அடையாளம் கண்டுவிட்டோம்.